அடித்தட்டை இழுக்காதவர்

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் ஒருவர் அவதாரம் எடுப்பார். குளிர்காலம் முழுக்க உறைக்குள் கிடந்த கேஸ் கிரில்லை வெளியே எடுத்து, அதன் மூடியை முகம் தெரியும்வரை துடைப்பார். ஏப்ரனைக் கட்டிக்கொள்வார். நீள இடுக்கியை டக்டக்கென்று இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் தட்டாமல் ஆரம்பிக்க மாட்டார். இவ்வளவும் செய்கிறவர், அடியில் கொழுப்பு சேரும் தட்டை மட்டும் இழுத்துப் பார்க்க மாட்டார். மனைவி கேட்டால், "அதில்தான் ருசியே இருக்கிறது" என்பார். இறைச்சியைத் திருப்பும் விஷயத்தில் பெற்ற மகனைக்கூட நம்பாதவர், போன வருஷத்துக் கொழுப்பை அப்படி நம்புகிறார்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம். பர்கருக்கு வாங்கும் அரைத்த மாட்டிறைச்சியில் பெரும்பாலும் 20 சதவீதம் கொழுப்பு. அது உருகி, பர்னருக்கு மேலே கூரை போட்டாற்போல் இருக்கும் சூடான தகட்டில் சொட்டி, சொய்யென்று புகையாகி, இறைச்சியிலேயே வந்து படிகிறது. எல்லோரும் புகழும் கிரில் வாசனை அதுதான். ஆக, ருசி இன்றைக்கு விழுந்த சொட்டின் வேலை. புகையாகாமல் வழிந்தது கீழ்த்தட்டில் போய் உறைகிறது. அது மறுபடி சூடேறினால் காறல் வாடையும் கரும்புகையும்தான் மிச்சம். மூடியின் உட்புறத்தில் செதில் செதிலாக உரிவதும் இதே கொழுப்புப் புகை கரியாகிப் படிந்ததுதான். நம்மவர் அதைப் பெயின்ட் என்று நினைத்துக் கம்பெனிக்காரனைத் திட்டுவார். பர்கர்மேல் விழுந்தால் விருந்தாளிகள் மிளகு என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

இரும்புப் பாத்திரத்தைப் பழக்குவதில்லையா என்று அவர் மடக்குவார். நியாயமான கேள்வி. பழகின தோசைக்கல்லின் அருமை தெரிந்தவர்கள் அதை லேசில் தள்ள முடியாது. ஆனால் தோசைக்கல்லில் இருப்பது சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிப்போன மெல்லிய எண்ணெய்ப் படலம். கிரில்லின் கம்பிகளுக்கு அது பொருந்தும், தட்டில் விரல் கனத்துக்குக் கிடக்கும் பிசுக்குக்குப் பொருந்தாது. அவருடைய அடுத்த வாதம், மூடியைச் சாத்திப் பதினைந்து நிமிஷம் முழுத்தணலில் விட்டால் எல்லாம் எரிந்து சுத்தமாகிவிடும் என்பது. கம்பியில் ஒட்டியது சாம்பலாகும், வாஸ்தவம். பர்னருக்குக் கீழே இருப்பதோ வெறுமனே உருகிக் காத்திருக்கும். அதுவும் சேர்ந்து எரிந்தால் அதற்குச் சுத்தம் என்று பெயரில்லை, தீவிபத்து என்று பெயர்.

"இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே?" ஆனவர்களின் கணக்கை அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 10,000க்கு மேற்பட்ட வீட்டுத் தீக்களில் கிரில்லுக்குப் பங்கு. பெரும்பாலானவை கேஸ் கிரில்கள். உச்சம் ஜூலை மாதம். வீட்டுக் கட்டடத்தில் பற்றிய கிரில் தீக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் கிரில் சுத்தம் செய்யப்படாமல் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, மழை படாதிருக்க அவர் கிரில்லைச் சுவரை ஒட்டியே நிறுத்துவார். அந்தச் சுவரின் வினைல் உறையோ 70 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும்.

அவருடைய வாதங்களில் ஒன்றே ஒன்று கனமானது: தேய்ப்பதிலும் ஆபத்து உண்டு. உண்மைதான். கம்பி பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இழை உணவோடு வயிற்றுக்குள் போய்க் குத்திய சம்பவங்களை, ரோட் ஐலண்ட் மருத்துவமனை நோயாளிகளை வைத்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. அதற்காகக் கம்பி பிரஷ்ஷை விடலாம். கசக்கிய அலுமினியத் தாளோ நைலான் தேய்ப்பானோ போதும். தட்டை இழுத்துச் சுரண்டிக் கொட்ட எந்த பிரஷ்ஷும் வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை, கை நாறும், அவ்வளவுதான். யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பதுதான் அவருக்கு உள்ள உண்மையான தடை என்று எனக்குத் தோன்றுகிறது.

தீ எழும்போது முதலில் பெருமிதமாகப் பார்ப்பார். இறைச்சி நன்றாக வாட்டம் கொள்கிறதாம். தட்டே பற்றிக்கொண்டது புரிந்ததும் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடுவார். கொதிக்கும் கொழுப்புக்கு அடியில் இறங்கும் தண்ணீர் கணத்தில் நீராவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும், எரியும் கொழுப்பை நாலாபுறமும் வாரி இறைக்கும். நல்லவேளையாக யாராவது கேஸை மூடி, மூடியையும் சாத்திவிடுவார்கள். அப்போதும் சும்மா இருக்க மாட்டார், அணைந்ததா என்று பார்க்க மூடியைத் திறந்து தீக்குக் காற்று கொடுப்பார். ஒருவழியாக எல்லாம் அடங்கி, விருந்தாளிகளுக்கு பீட்ஸா வந்து சேர்ந்ததும் ரெகுலேட்டரைக் குற்றம் சொல்வார். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் ஆறு பர்னர் மாடலுக்கு முன் நின்று, பக்கத்தில் பீர் வைக்கத் தாங்கி உண்டா என்று விசாரிப்பார்.