கம்பைல் ஆகிறது, கூப்பிடாதீர்கள்

புனேயில் பாஷாண் பக்கம் வீடு வாங்கினால் பதிவுக் கட்டணம், பார்க்கிங் கட்டணம் இவற்றோடு ஒரு வியாதியும் சேர்ந்து வரும். தானும் ஒரு விஞ்ஞானி என்கிற நினைப்பு. இதற்கு நான் பொறுப்பல்ல, தெருதான் பொறுப்பு. ஹோமி பாபா சாலையில் காய்கறி வாங்கப் போனாலே ஒரு பக்கம் தேசிய வேதியியல் ஆய்வகம், இன்னொரு பக்கம் ஐசர், கொஞ்சம் தள்ளி வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், அப்படியே திரும்பினால் கணினி ஆய்வு மையமான சி-டாக். கையில் முருங்கைக்காயோடு இத்தனை பெயர்ப்பலகைகளைக் கடந்து வருகிற மனிதனுக்குத் தன்னடக்கம் எங்கிருந்து வரும்?

சி-டாக் 1988-ல் தொடங்கியது. சூப்பர் கம்ப்யூட்டரை நமக்கு விற்பதா வேண்டாமா என்று அமெரிக்கா இழுத்தடித்துக்கொண்டிருந்த காலம். விஜய் பட்கரும் அவர் ஆட்களும் டிரான்ஸ்பியூட்டர் என்கிற சில்லுகளைக் கோத்து 1991-ல் பரம் 8000-ஐச் செய்து நிறுத்திவிட்டார்கள். வானிலை நிறுவனத்துக்கு 2024-ல் அர்க்கா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. 11.77 பெட்டாஃப்ளாப். அதாவது விநாடிக்குச் சுமார் 11,770 லட்சம் கோடி கணக்கு. இந்த அக்கம்பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பையன் கழித்துப்போட்ட லேப்டாப்பில் ஒரு மழைக்கணக்குப் போட முடியாதா என்று எனக்குத் தோன்றியது நியாயம்தானே.

மழைக்கணக்கு ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் சொசைட்டியில் கோடை வந்தால் டேங்கர் தண்ணீர்தான். எத்தனை டேங்கருக்கு முன்பணம் கட்டுவது என்று மே மாதம் ஒரு கூட்டம் நடக்கும். தலைவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கட்டடத்தில் எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா. அவர் ஒரு எண் சொல்வார், நாங்கள் கைதூக்குவோம், டீ குடித்துக் கலைவோம். இந்த வருடம் நான் எழுந்து, "இதை விஞ்ஞானபூர்வமாகக் கணிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். டீ ஆறிக்கொண்டிருந்ததால் யாரும் எதிர்க்கவில்லை.

திட்டம் மனசுக்குள் பளிச்சென்று இருந்தது. புனேயின் குடிநீர் பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர், கடக்வாஸ்லா என்ற நான்கு அணைகளிலிருந்து வருகிறது. நான்கும் நிரம்பினால் 29.15 டிஎம்சி. 1961 ஜூலை 12-ம் தேதி பான்ஷேத் உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்ததை இன்றும் பழைய பேட்டைக்காரர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அணைப்பகுதியில் எப்போது எவ்வளவு மழை பெய்யும் என்று பழைய கணக்கை வைத்துத் தோராயமாகச் சொல்லிவிட்டால் டேங்கர் எப்போது நிற்கும் என்றும் சொல்லிவிடலாம். பழைய கணக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901-லிருந்து நாள்வாரியாக, நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மழை அளவை இலவசமாகவே தருகிறது. கிழக்கு மேற்காக 135, தெற்கு வடக்காக 129. கணக்குப் போடுகிற மென்பொருளும் இலவசம், ஆக்டேவ். செலவு என் நேரம் மட்டும். அதற்கு எங்கள் வீட்டில் சந்தை விலை எதுவும் கிடையாது.

ஆக்டேவ் என்றதும் சங்கீதத்தில் வரும் ஸ்தாயி என்று நினைத்தேன். இல்லை, ஆள் பெயர். ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்று ஒரு வேதிப்பொறியியல் பேராசிரியர். எந்தக் கணக்கானாலும் கவரின் பின்பக்கத்தில் சட்டென்று தோராய விடை போட்டுவிடுவதில் பேர்போனவர். அவர் மாணவர் ஜான் ஈட்டன் 1992 வாக்கில் இந்த மென்பொருளை எழுதத் தொடங்கி வாத்தியார் பெயரையே வைத்துவிட்டார். உபுண்டு லினக்ஸில் ஒரே வரி அடித்தேன், இறங்கிவிட்டது. இரண்டும் இரண்டும் கூட்டச் சொன்னேன், நாலு என்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா காலையிலேர்ந்து?" என்றாள்.

தொல்லை மழையால் வந்தது. மழைக்கணக்கு நெட்சிடிஎஃப் என்ற வடிவத்தில் இருக்கிறது. அதை ஆக்டேவ் படிக்கத் தனியாக ஒரு பேக்கேஜ் வேண்டும். அந்தப் பேக்கேஜ் கம்பைல் ஆக நெட்சிடிஎஃப் லைப்ரரி வேண்டும். அந்த லைப்ரரிக்கு ஹெச்டிஎஃப்5 என்று இன்னொரு லைப்ரரி வேண்டும். அதற்குக் கோப்பைச் சுருக்கி விரிக்கிற இசட்லிப் வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனால், பெரியப்பாவுக்கு முதலில் வைத்தாயா என்று திருப்பி அனுப்புவார்களே, அதே கதை.

பேக்கேஜைப் போடச் சொன்னதும் முதல் எரர் வந்தது. இங்கே புனேக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊரில் புனேரி பாட்யா என்று ஒரு கலை உண்டு. வீட்டுக் கதவிலும் கடை வாசலிலும் எழுதி மாட்டுகிற அறிவிப்புப் பலகைகள். 'பெல்லை ஒருமுறை அழுத்தினால் போதும், உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்கும்.' 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும், பிறகு பேச வராதீர்கள்.' சொல்வது அத்தனையும் சரி, ஒரு சொல் கூடுதல் கிடையாது, படித்து முடித்ததும் அவமானப்பட்டோம் என்று மட்டும் தெரியும். லினக்ஸ் எரர் எல்லாம் இந்த ஊர்க்காரர் யாரோ எழுதிக் கொடுத்ததுதான் என்பது என் சந்தேகம். 'என்சி-கான்ஃபிக் கிடைக்கவில்லை.' அவ்வளவுதான். அது யார், எங்கே போனார், எப்போது வருவார், ஒன்றும் கிடையாது.

விஷயம் இதுதான். உபுண்டு ஒவ்வொரு லைப்ரரியையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு ஒரு பேக்கேஜ், அதன்மேல் புதிதாகக் கம்பைல் செய்கிறவனுக்குப் பின்னால் 'டெவ்' என்று வால் முளைத்த இன்னொன்று. தலைப்புக் கோப்புகளும் என்சி-கான்ஃபிக் போன்ற துணை நிரல்களும் இந்த வாலில்தான் இருக்கும். வால் இல்லாதவன் கம்பைல் செய்ய முடியாது. ஆப்ட் என்ற நிறுவும் கட்டளையில் ஒரு வரி அடித்தால் அந்த வாலும் வந்துவிடும். இன்னும் சொல்லப்போனால் ஆக்டேவுக்கான நெட்சிடிஎஃப் பேக்கேஜையே உபுண்டு முழுசாகச் சமைத்து வைத்திருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் பாக்கி. ஆனால் பரம் 8000-ஐக் கடையிலா வாங்கினார்கள்? எல்லாவற்றின் மூலநிரலையும் இறக்கிச் சொந்தமாகக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். இந்த மூன்று சொற்களுக்கு இருக்கிற மகிமை வீட்டில் வேறு எந்த மந்திரத்துக்கும் இல்லை. மேக் என்று தட்டியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மடமடவென்று ஓடும். லேப்டாப் விசிறி மிக்ஸி மாதிரி இரையும். நான் நாற்காலியில் சாய்ந்து, கைகட்டி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். செய்வதற்கு ஒன்றும் கிடையாது, கம்ப்யூட்டர்தான் செய்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் விடுகிற மனிதன் போலத் தெரியும். "அப்பா கம்பைல் பண்ணிட்டிருக்காரு" என்று பையன் அடுக்களைக்குள் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது. கும்பகோணத்திலிருந்து மாமியார் போன் செய்தபோது கூட, "மாப்பிள்ளை ஏதோ பெரிய வேலையா இருக்காங்களாம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று அப்போதுதான் முதல்முதலாக ஒரு பயம் வந்தது.

பயந்தபடி நடக்கவில்லை. எல்லாம் கட்டி முடித்து மழைக் கோப்பைத் திறந்தபோது திரை நிறைய ஓர் அறிவிப்பு. இந்த நிரலைக் கம்பைல் செய்தபோது இருந்த ஹெச்டிஎஃப்5 தலைப்புக் கோப்புகள் ஒரு வெர்ஷன், இப்போது ஓடுகிற லைப்ரரி வேறொரு வெர்ஷன், தொடர்ந்தால் உன் டேட்டா கெட்டுப்போகலாம், துணிச்சல் இருந்தால் இன்ன மாறியை ஒன்று என்று வைத்து இந்தச் சோதனையை நிறுத்திக்கொள், விளைவு உன் தலையில். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் 'பை...' என்று விடைபெற்றுக்கொண்டு ஆக்டேவையும் இழுத்துக்கொண்டு செத்துப்போனது. நான் கதை விடவில்லை. ஹெச்டிஎஃப்5 நிஜமாகவே 'பை' சொல்லி மூன்று புள்ளி வைத்துவிட்டுத்தான் போகும். புனேரி பாட்யா எழுதுகிறவர்கள் கூட இந்த உயரத்தைத் தொட்டதில்லை.

ஒரே வீட்டில் இரண்டு ஹெச்டிஎஃப்5 குடியிருந்ததுதான் காரணம். ஆப்ட் கொண்டுவந்தது யூஎஸ்ஆர் லிப் அடைவில். நான் கட்டியது யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில். கம்பைல் ஆகும்போது ஒன்றின் தலைப்புக் கோப்பு சிக்கியது, ஓடும்போது மற்றதன் லைப்ரரி வந்து உட்கார்ந்தது. எல்டிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்த நிரல் எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும். நான் பெற்ற பிள்ளையைத் துரத்திவிட்டு, எல்டிகான்ஃபிக் தட்டி முகவரிப் பட்டியலைப் புதுப்பித்ததும் வீடு அமைதியானது. மூலநிரலிலிருந்து நிறுவிய ஒன்றை அகற்ற ஆப்ட்டுக்குத் தெரியாது என்பதை மட்டும் இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். போட்டவனேதான் தேடித்தேடிப் பொறுக்கவேண்டும்.

மழைக் கோப்பு திறந்தது. கூடவே கண்ணும் திறந்தது. வானிலைத் துறை அதே கணக்கை நெட்சிடிஎஃப் அல்லாமல் வெறும் பைனரிக் கோப்பாகவும் வைத்திருக்கிறது. நான்கு பைட்டுக்கு ஒரு எண், வரிசையாக. அதைப் படிக்க ஆக்டேவுக்கு எந்தப் பேக்கேஜும் வேண்டாம், எந்த லைப்ரரியும் வேண்டாம், எஃப்ரீட் என்று அதிலேயே இருக்கிற ஒரு கட்டளை போதும். இதை வீட்டில் சொல்லவில்லை. இப்போது எழுதுவது கூட மனைவி கட்டுரையைப் பாதியில் வைத்துவிடுவாள் என்ற தைரியத்தில்தான்.

பைனரிக் கோப்பைப் படித்து, நாடு முழுவதற்கும் சராசரி மழை கேட்டேன். மைனஸ் நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர் என்று வந்தது. வானத்திலிருந்து பெய்வதற்குப் பதிலாகத் தரையிலிருந்து மேலே போயிருக்கிறது. கடல், அண்டை நாடு என்று கணக்கு இல்லாத கட்டங்களில் எல்லாம் மைனஸ் 999 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். அதை நீக்காமல் கூட்டினால் அரபிக்கடல் முழுக்க நம் கணக்கில் பற்று எழுதப்படும். நீக்கிவிட்டு அணைப்பகுதியைத் தேடினேன். ஒரு கட்டம் கால் டிகிரி, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மொத்தம் 17,415 கட்டங்களில் என் நான்கு அணைகளும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் முடிந்துபோயின. அதைக் கொண்டு எங்கள் சொசைட்டி டேங்கரைக் கணிப்பதற்குள் டேங்கரே வந்து ஹாரன் அடித்தது.

கீழே இறங்கிப் போனேன். "அண்ணா, காய் ஜால?" என்று காகா மராத்தியில் விசாரித்தார், என்ன ஆச்சு என்று. இன்னும் கொஞ்சம் செம்மைப்படுத்தவேண்டும் என்றேன். அவர் டேங்கர்காரனிடமிருந்து பில்லை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். எத்தனை வீடு, இந்த வாரம் எத்தனை லோடு, பருவமழை ஜூன் இரண்டாம் வாரம் எட்டிப்பார்க்கும், குழாயில் தண்ணீர் வர அதற்குமேல் எத்தனை நாள். பேனா எடுத்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதோடு லேப்டாப்பை மூடியிருப்பேன். மாடிவீட்டுப் பையன் கெடுத்தான். வானிலை ஆராய்ச்சி செய்கிறவன். "அங்கிள், பழைய மழையை வெச்சு என்ன பண்றது? டபிள்யூஆர்எஃப் போடுங்க. வானிலை மாடலையே வீட்டுல ஓட்டலாம்" என்றான். என்னென்ன தேவை என்று கேட்டேன். நெட்சிடிஎஃப் வேண்டும், அதன் ஃபோர்ட்ரான் பிரதி தனியாக வேண்டும், இரண்டையும் ஒரே கம்பைலரில் கட்டியிருக்கவேண்டும், அப்புறம் எம்பிஐ, லிப்பிங், ஜாஸ்பர் என்று அடுக்கிக்கொண்டே போனான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பில் தெம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பையை நீட்டியபோது டபிள்யூஆர்எஃப் கான்ஃபிகர் ஓடிக்கொண்டிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட தேர்வுகளை வரிசையாகப் போட்டு, ஒன்றைச் சொல் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

"கொத்தமல்லி, கறிவேப்பிலை, அரைக் கிலோ வெண்டைக்காய். கடையை ஒரு மணிக்குச் சாத்திடுவான், அப்புறம் நாலு மணிக்குத்தான்."

"கம்பைல் பண்ணப் போறேன்."

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். "இத்தனைல எதைங்க போடுவீங்க?"

"முப்பத்துநாலு."

"ஏன் முப்பத்துநாலு?"

"எல்லாரும் முப்பத்துநாலுதான் போடறாங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு பையனைக் கூப்பிட்டாள். நான் 34 என்று அடித்து என்டர் தட்டினேன்.