கேட்காமல் கை வைத்த காலம்

1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸை ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். புரோகிராமை மெமரியில் ஏற்றிவிட்டு, "இனி உன் பாடு, மெஷின் பாடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடும்.

திரையில் எழுத வேண்டுமா? முறைப்படி, மெஷினுக்குள்ளேயே பதிந்து வரும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிடம் மனுப் போடலாம். அது தாலுகா ஆபீஸ் வேகத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதித் தரும். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. திரைக்கான மெமரியில் நேரே கையை விட்டது. கலர் கார்டு என்றால் பி8000 என்ற முகவரி. எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். ஹெக்ஸில் 41, அடுத்து 1ஈ என்று போட்டால் நீலப் பின்னணியில் மஞ்சள் 'ஏ' பளிச்சிடும். யாரைக் கேட்க வேண்டும்?

விளைவு, டாஸ் ஓடியும் ஐபிஎம் மாதிரி உள்ளமைப்பு இல்லாத மெஷின்கள் மண்ணைக் கவ்வின. "லோட்டஸ் ஓடுமா, ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுமா?" இந்த இரண்டே கேள்விதான் பரீட்சை.

1985-ல் இன்டெல் 386 வந்தது. பழைய புரோகிராமைத் தனி 8086-ல் ஓடுவதாக நம்பவைத்து, அது போர்ட்டில், அதாவது சாதனங்களோடு பேசும் வாசலில், கை வைத்தால் காட்டிக்கொடுக்கும் வித்தை அதில் இருந்தது. விண்டோஸ் 95 தாராளம்: தெரிந்த போர்ட்டுகளுக்கு மட்டும் காவல், மற்றவற்றுக்கு "போ, போ." 1993-லேயே பிறந்த விண்டோஸ் என்டிதான் கறார். ஆனாலும் அடிக்காது, பொய் சொல்லும். புரோகிராம் பி8000-ல் எழுதும். அது வெறும் மெமரி. என்டி அவ்வப்போது எட்டிப் பார்த்து, இருப்பதை ஒரு ஜன்னலில் வரைந்து வைக்கும். ஹார்டு டிஸ்க்கை நேரே தொட்டால் மட்டும் பொய் கிடையாது, "அதெல்லாம் முடியாது" என்று ஒரு பெட்டி வரும். அதிலும் 'இக்னோர்' என்று ஒரு பட்டன். என்ன பெருந்தன்மை!

போர்ட் காவலுக்கென்று, 65,536 போர்ட்டுக்கும் ஆளுக்கொரு பிட் என்று 386-ல் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. என்டியில் கிவ்ஐஓ என்ற குட்டி டிரைவர் அத்தனையையும் பூஜ்யமாக்கி, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது. பிரிண்டர் போர்ட்டில் எல்இடி எரியவிட்டவர்கள் கும்பிட்டார்கள்.

64 பிட் விண்டோஸ் வந்ததும் அந்த 386 வித்தையே செல்லாமல் போனது. டாஸுக்கான இடத்தை மைக்ரோசாஃப்ட் தூக்கிவிட்டது. இப்போது டாஸ்பாக்ஸ்தான் கதி. அது சிபியூ முதல் சவுண்ட் கார்டு வரை மொத்த மெஷினையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும். பழைய கேம் வைத்திருப்பவர்கள் இறக்கிக்கொள்ளுங்கள். சவுண்ட் செட்டப் கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள்.