கீழாநெல்லி கொடுத்தீர்களா?

2003 ஜூலை 31. ஆபீசில் பாதிப்பேர் பர்மிஷன் போட்டுவிட்டு வருமான வரி ரிட்டர்ன் கொடுக்க நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்குக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. என் படிவம் 16 வீட்டில் இருந்தது. வீட்டில் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

அப்போது சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் என்பது ஒற்றைத் தாள். பெயர் ‘சரல்’. இந்தியில் எளிது என்று அர்த்தமாம். எளிதான வேலையைத்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியும்.

தீபாவளி கழிந்தபின் பயம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் எல்லோருக்கும் கணக்கு பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஆடிட்டருக்குப் படித்தவரில்லை, ஆனாலும் ஆடிட்டர் மாமா.

“மாமா, போன வருஷத்து ரிட்டர்ன் விட்டுப்போச்சு.”

“போன வருஷம்னா நிதியாண்டா, அசெஸ்மென்ட் இயரா?”

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை யோசிக்காமல் பதில் சொன்னதில்லை. மாமாவே விரல்விட்டு எண்ணினார்.

“சம்பளத்துல வரி பிடிச்சாச்சோல்லியோ? அப்புறம் என்ன பயம்? 2005 மார்ச் வரைக்கும் போடலாம். வர்ற மார்ச்சைத் தாண்டினா, அதிகாரி நினைச்சா அஞ்சாயிரம் அபராதம். அவர் நினைக்கணுமே!”

அவர் நினைத்துவிடுவார் என்று தோன்றியதால் மார்ச் கடைசி வாரத்தில் போனேன். பஸ்ஸில் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டேன்: அம்மாவுக்கு மஞ்சள்காமாலை. கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, “ஏன் சார் இவ்வளவு லேட்?” என்றார். கதையைச் சொன்னேன். “கீழாநெல்லி கொடுத்தீங்களா?” என்று கேட்டபடியே நகலில் முத்திரையைக் குத்தினார். மோரில் அரைத்து, வெறும் வயிற்றில், உப்பில்லாமல் என்று பக்குவமும் சொன்னார். அம்மா அந்த நேரம் வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்திருப்பாள்.

மாமா இப்போது இல்லை. அவர் சொன்ன அவகாசத்தையும் சட்டம் நறுக்கிவிட்டது. முதலில் ஒரு வருஷம் போனது, 2021இல் இன்னும் மூன்று மாதம் போனது. இப்போது தாமத ரிட்டர்னுக்கு டிசம்பர் 31தான் எல்லை. ஐந்தாயிரம் வரைக்கும் தாமதக் கட்டணம் உண்டு. அதை யாரும் நினைக்க வேண்டியதில்லை, தானாக விழும்.

இந்த முறை நான் விட்டது 2021-22 கணக்கு. ரிட்டயர் ஆன வருஷம். கையில் நேரம் நிறைய இருந்ததால் எதற்கும் நேரமில்லை. 2025 மார்ச்சில் வரித் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மகள் லேப்டாப்போடு உட்கார்ந்தாள்.

முதலில் ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கினாள். அதைத் திறக்க பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்ட். அந்தத் தேதி, ஒண்ணாங்கிளாசில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் உத்தேசமாகப் போட்டது. நான் பிறக்காத தேதியில் என் வண்டவாளம் முழுவதும் திறந்தது. நான் மறந்தே போன பதினெட்டு ரூபாய் டிவிடெண்ட்கூட இருந்தது. ஒரு காலத்தில் படிவம் 16ஐத் தேடிப் பரண் ஏறியவன் நான். இங்கே தேட ஒன்றுமில்லை.

“அப்பா, இன்னொரு பேங்க்ல டெபாசிட் வட்டி வந்திருக்கு. அவங்க பத்து சதவீதம்தான் பிடிச்சிருக்காங்க. பாக்கியை நீ கட்டணும்.”

“மெதுவாப் படி.”

“எந்த டெபாசிட்?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இத்தனை தாமதத்துக்கு ஒரே வழி ‘புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்’. 2022இல் வந்த ஏற்பாடு. இதில் ரீஃபண்ட் கேட்க முடியாது, கட்டத்தான் முடியும். பாக்கி வரி, மாதம் ஒரு சதவீதம் வட்டி, தாமதக் கட்டணம். அசெஸ்மென்ட் இயர் முடிந்து இரண்டாம் வருஷம் என்பதால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் இன்னொரு 50 சதவீதம். மார்ச் 31 தாண்டினால் அதுவும் கிடையாது என்று அவசர அவசரமாகக் கட்டினேன். மறுநாளே, ஏப்ரல் 1 முதல், அவகாசம் நான்கு வருஷமாக நீண்டது. 60 சதவீதம், 70 சதவீதம் என்று. அரசாங்கத்தில் யாரோ ஒருவர் என் சுபாவத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

கடைசியில் எதற்காக இந்த ரிட்டர்ன் என்று படிவம் காரணம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல இடமில்லை. தயாராக ஒரு பட்டியல், தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். முதல் காரணம்: ‘முன்பு ரிட்டர்ன் தாக்கல் செய்யப்படவில்லை’. மகள் அதை அழுத்தினாள்.

“வேற ஏதாவது எழுதலாமாம்மா?”

“என்ன எழுதணும்?”

“மஞ்சள்காமாலைன்னு.”

“யாருக்குப்பா?”

நான் பதில் சொல்வதற்குள் ஆதார் ஓடிபி வந்துவிட்டது. ஆறு இலக்கத்தையும் வாசித்தேன். மனைவி கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“எந்த டெபாசிட்டுன்னு கேட்டேனே?”