காசும் இல்லை, பேரும் தப்பு

2007-இல் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவிக்கு மிக நீளமான கோப்புப் பெயரைக் கொடுத்தால் அது அப்படியே கவிழ்ந்துவிடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். எழுதியவருக்குச் சொல்லலாம் என்றதும் பக்கத்து சீட்டு நண்பர், "எதுக்குப்பா வம்பு? ஹேக்கர்னு பிடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றார். பயந்து பயந்து மூன்று நாள் மெயில் எழுதினேன். ஆங்கில இலக்கணத்துக்கே ஒரு நாள் போனது.

மறுநாள் காலையில் பதில் வந்தது: நன்றி, சரிசெய்தாயிற்று. அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்பில் என் பெயர், ஓர் எழுத்து தவறி. அதை அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இதுக்கு எவ்வளவுடா குடுப்பாங்க?"

"குடுக்க மாட்டாங்கம்மா."

"காசும் இல்ல, பேரும் தப்பு" என்று தாளை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. டெபியன் லினக்ஸில் ஒரு பரிசோதனைக் கருவி எச்சரிக்கிறதே என்று 2006-இல், இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளை எடுத்தார்கள். எச்சரிக்கை நின்றது, கூடவே, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களும் ஏறக்குறைய நின்றுபோயின. ஒவ்வொரு வகைக்கும் 32,768 சாவிகள்தான் சாத்தியம் என்றாகிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, எங்கள் சர்வர் அறையில் இரண்டு இரவு விழித்திருந்து ஒவ்வொரு மெஷினாகச் சாவி மாற்றினேன்.

2014-இல் அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதும், ஓட்டை கண்டுபிடிக்கும் தொழிலுக்கே ஒரு களை வந்துவிட்டது. ஓட்டைக்கு அழகான பெயர், இரத்தம் சொட்டும் இதய லோகோ. உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்கள் நம்பியிருந்த அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதுவரை வருடத்துக்குக் கிடைத்துவந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

இப்போது நான் மேசைக்கு மறுபக்கம். தேதிகளைப் பிரித்துப் படிக்கும் சிறு நூலகம் ஒன்றை ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறேன். அபாய மதிப்பெண் பத்துக்கு 9.8 என்று ரிப்போர்ட்கள் வருகின்றன. இலக்கணம் சுத்தம், என் மூன்று நாள் மெயில் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரே குறை, அதில் சொல்லப்படும் ஃபங்ஷன் என் நிரலில் கிடையாது. எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்வது முற்றிலும் சரி என்று பணிவாக ஒப்புக்கொண்டு, இல்லாத இன்னொரு ஃபங்ஷனைக் காட்டுகிறார்கள். கடைசி வரியில் மட்டும் மனித வாடை அடிக்கும்: பரிசுத்தொகை எப்போது வரும்?

என் கதையாவது சில்லறை. கர்ல் மென்பொருளைப் பல வருடங்களாகப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம் மெயில் அனுப்பியது: லாக்4ஜே என்ற வேறொரு மென்பொருளின் ஓட்டை பற்றி 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தரவேண்டுமாம். லாக்4ஜே ஜாவாவில் எழுதியது, கர்ல் சி மொழியில். கட்டண ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டார் மனுஷன். உண்மையான ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019 முதல் தந்துவந்த பரிசையும், ஏஐ இயந்திரம் எழுதித் தள்ளிய குப்பை தாங்காமல் 2026 ஜனவரியோடு நிறுத்தினார். அதே இயந்திரத்தை விவரம் தெரிந்தவர்கள் கையாண்டு நல்ல பிழைகளைப் பிடித்துக் கொடுத்ததையும் அவரே பாராட்டியிருக்கிறார்.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. நான்கே வரி, மூன்று எழுத்துப்பிழை, கூடவே புரோகிராமைக் கவிழ்க்கும் ஒரு சின்னக் கோப்பு. மதிப்பெண் போடவில்லை, பணம் கேட்கவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லியிருந்தார். ஓடவிட்டுப் பார்த்தேன், கவிழ்ந்தது. அன்றிரவே சரிசெய்து, மாற்றக் குறிப்பில் அவர் பெயரைச் சேர்த்தேன். வெளியிடுவதற்கு முன் எழுத்து எழுத்தாக இரண்டு முறை சரிபார்த்தேன்.