நிழல் பிடிக்கும் குடும்பத் தலைவர்

யாழ்ப்பாணத்தில் கணக்கும் விஞ்ஞானமும் ரியூசன் கொட்டிலில் மட்டும் விளைகிற பயிர்கள் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். நான் படித்ததும் அங்கேதான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஆர்முடுகலுக்கு வரைவிலக்கணம் சொல்வேன். என் மோட்டார் சைக்கிளில் அதை யாரும் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முதலை வைத்தே வீட்டில் 'கணிதப் பிரிவில் படித்த மனுசன்' என்ற பெயரோடு காலந்தள்ளினேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விஞ்ஞான மன்றம், புள்ளி போடாத 'செயற்பாடு'களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியதோடு வந்தது வினை. புள்ளி இல்லாத கேள்விக்குக் கடந்தகால வினாத்தாள் எங்கே தேடுவது?

முதலில் பலியானது கேத்தல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கொதிக்கக் கொதிக்கக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். மகள் அதைச் சுரண்டிப் போத்தலில் போட்டுத் தேசிக்காய்ப் புளியை விட்டாள். பொங்கி நுரைத்தது.

"அப்பா, உதென்ன வாயு?"

"காபனீரொட்சைட்டு."

"எப்பிடித் தெரியும்?"

புத்தகத்தில் இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை. அவள் எரிகிற நெருப்புக்குச்சியைப் போத்தலுக்குள் விட்டாள், பொக்கென்று அணைந்தது. "இஞ்சேருங்கோ, கேத்தலும் பளிச்செண்டு வந்திட்டுது" என்றாள் மனைவி. வருடக்கணக்காக நான் 'நாளைக்குக் கழுவுறன்' என்று சொல்லிவந்த கேத்தல்.

செய்து பார்த்து நம்புவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் மிசனரி டானியல் பூர் ஐரோப்பிய வானியல் படிப்பித்தார். பக்கத்து ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்தார். 1829இல் வந்த சந்திர கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு மறைக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. வானமே வினாத்தாளைத் திருத்தியது. பூரின் கணக்குப் பொருந்தியது. மிசனரிமார் அதைத் தங்கள் சமயத்தின் வெற்றியாகவும் காட்டப் பார்த்தது அவர்கள் பாடு. எனக்குப் பிடித்தது, இரண்டு பேரும் எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்த துணிச்சல். நானென்றால் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்த பிறகுதான் கணக்கையே தொடங்குவேன்.

அடுத்த செயற்பாடு உலகத்தை அளப்பது.

ஏப்ரல் 15 அளவில், பகல் 12.10க்கு, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். நிமிர்த்தி நட்ட தடிக்கு நிழல் கிடையாது. வருசப் பிறப்புச் சாப்பாட்டுக் களை தீராத நேரம். மகன் முற்றத்தில் தூக்குக்குண்டு பிடித்து ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தினான். குடும்பத் தலைவருக்குத் தடி பிடிக்கும் பதவி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை.

"அப்பா, உங்கட வண்டியின்ர நிழல் விழுது. தள்ளி நில்லுங்கோ."

ஊரில் தடிக்கும் கம்பத்துக்கும் நிழல் இல்லாத வேளையிலும் என் வண்டிக்கு இருந்தது.

மறுமுனையில் மாத்தறையில் மச்சான். வருசத்துக்கு வர லீவு கிடைக்கவில்லையென்று கவலையில் இருந்தவரை மருமக்கள் கைவிசேடம்கூடக் கேட்காமல் மொட்டை வெயிலில் தடியோடு நிறுத்திவிட்டார்கள். அவருடைய மீற்றர் தடிக்கு 6.5 சென்ரிமீற்றர் நிழல் விழுந்தது. அதிலிருந்து வரும் கோணம் ஏறக்குறைய 3.7 பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து நேர் தெற்காக மாத்தறை மட்டம் வரை ஏறக்குறைய 410 கிலோமீற்றர்.

"410ஓ? பஸ்ஸில இடுப்பு முறிய வாற எனக்கெல்லோ தூரம் தெரியும்! கூட்டிப் போடு!" என்று தொலைபேசியில் கத்தினார் மச்சான்.

"பஸ் வளைஞ்சு வளைஞ்சு வரும் மாமா. அதைப் போட்டால் உலகம் வீங்கிப்போகும்."

3.7 பாகைக்கு 410 என்றால் 360 பாகைக்கு? மகன் பெருக்கிப் பிரித்தான்: 40,000 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பூமியின் சுற்றளவு கிட்டத்தட்ட அதுதான். 2,200 வருடங்களுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் சியீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்களையும் ஒரு நிழலையும் வைத்துப் போட்ட கணக்கு இது. அவரிடமும் கல்குலேற்றர் இல்லை. திரிகோண கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்த எனக்கு, அந்தத் 'தான்' (tan) என்பது முற்றத்து வெயிலில் நிற்கக்கூடிய சாமான் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் மறுபடியும் நம் உச்சிக்கு வருகிறது. தெற்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் இப்போதே பேசிவைத்து, ஒரு மீற்றர் தடியும் அளவுநாடாவும் எடுத்து வையுங்கள். ரியூசன் மாஸ்டர்மாரே, அன்றைக்கு 12இலிருந்து 12.30 வரை மட்டும் தயவுசெய்து வகுப்பு வைக்காதேங்கோ.