விற்க விரும்பினவன் எங்கையடா பேரா?

வா பேரா, இரு. அந்தக் கதிரையில இராத, அதின்ர கால் ஒண்டு உன்ர பெத்தாச்சி உயிரோட இருக்கேக்கயே ஆடத் தொடங்கினது. திண்ணையில இரு. முதல்ல அந்த டையைக் கழட்டு. சம்பூர் வெய்யிலுக்குள்ள டை கட்டிக்கொண்டு வாறவன் ஒண்டில் இன்சூரன்ஸ் சேர்க்க வருவான், இல்லாட்டி லீசிங் கட்டேல்லை எண்டு மோட்டார் சைக்கிளைத் தூக்க வருவான். நீ ஒழுங்கையால வந்த நேரம் ரெண்டு வீட்டில படலை சாத்தின சத்தம் எனக்கே கேட்டது.

என்ன அது கையில? ஓ, அனுபவக் கொப்பியோ! நாலு வருசம் கங்கொடவிலையில கிடந்து, ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில காணி விலை மதிக்கப் படிச்சு, பட்டமும் எடுத்திட்டாய். தொப்பி போட்ட படம் அந்தா பிள்ளையாருக்குப் பக்கத்தில தொங்குது. கொம்மா அதுக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுறாள். இப்ப வந்து நிண்டு, "பெத்தப்பா, நான் இன்னும் மதிப்பாளர் இல்லை, ஒரு மூத்தவருக்குக் கீழ வேலை செய்து, அவர் கையெழுத்து வைச்சால்தான்" எண்டு சொல்லுறாய். நல்லது. எனக்கு அதில ஒரு குறையும் இல்லை. மாடு வாங்கப் போறவனும் முதல் நாலு தரம் பெரியாக்களோட போய்ப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கத்தான் பழகினவன். ஆனால் அவன் எத்தனை மணித்தியாலம் பல்லைப் பார்த்தவன் எண்டு ஒருத்தரும் கொப்பியில எழுதேல்லை.

நீ போன தரம் வந்து சொன்ன கதையளை இரவில படுத்திருந்து யோசிச்சனான். நித்திரை வராத கிழவனுக்குக் கணக்கு நல்லா வரும். அமெரிக்காக்காரன் 1989இல மதிப்பாளருக்குச் சட்டம் போட்டானாம். அதுக்கு முதல் அங்க மதிக்கிறவன் வாயில வந்த விலையை எழுத, சேமிப்புக் கடன் சங்கங்கள் அதை நம்பிக் காசை அள்ளிக் குடுத்து, வரிசையாக் குடை சாய்ஞ்சதுகள். பிறகுதான் உரிமம், பரீட்சை, மணித்தியாலக் கணக்கு எல்லாம். சாதாரண வீடு மதிக்கிறவனுக்கு 2,000 மணித்தியாலம் எண்டிருந்ததை 2018 மே மாதத்தில 1,000 ஆக்கிப்போட்டாங்கள், அதுவும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேணும். அடுத்த படிக்கு 1,500. கடை, கந்தோர் எண்டு எல்லாத்தையும் மதிக்கிற பெரிய உரிமத்துக்கு 3,000. ஏன் குறைச்சாங்கள் எண்டு கேட்டன், நீ சிரிச்சாய். பழக்கிவிடுற மூத்தவன் கிடைக்கிறேல்லையாம். நாளைக்கு என்ர வயித்தில அடிக்கப்போறவனுக்கு இண்டைக்கு நான் ஏன் தொழில் சொல்லிக் குடுப்பான் எண்டு அவன் யோசிக்கிறான். அமெரிக்கன் எண்டாலும் அவனும் எங்கட ஊர்ப் பரியாரி மாதிரித்தான், மருந்தைச் சொல்லுவான், மூலிகையைச் சொல்லமாட்டான். அதுக்கு இப்ப இன்னொரு வழி கண்டுபிடிச்சிருக்கிறாங்கள், கம்பியூட்டருக்குள்ளயே வீட்டைக் காட்டி அனுபவம் குடுக்கிறது. கம்பியூட்டருக்குள்ள கறையான் இருக்குமோடா?

இந்தியாக்காரன் வேற மாதிரி. 2017 விதிப்படி, காணி கட்டிடம் மதிக்கிறதெண்டால் கட்டிடப் பொறியியலோ கட்டிடக்கலையோ நகரத் திட்டமிடலோ படிச்ச பட்டதாரி, 5 வருச அனுபவம். மேற்பட்டம் இருந்தால் 3 வருசம். பிறகு 50 மணித்தியால வகுப்பு, அதுக்குப் பிறகு பரீட்சை, அதில நூற்றுக்கு 60 எடுக்க வேணும். இவ்வளவும் எடுத்துக்கொண்டு போய்ப் பதியிற இடத்தின்ர பேர் என்ன? நொடிப்பு, திவால் வாரியம். விலை மதிக்கிறவனைப் பதியிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் ஆரும் வைக்கேலாது. அங்க பழைய செல்வவரி விதியில 10 வருசம் கேட்டவங்கள். காணி மதிப்பிலயே மேற்பட்டம் எடுத்தவனுக்கு 2 வருசம் போதுமாம். எட்டு வருசத்தை ஒரு கடுதாசி விழுங்கிப்போடுது பார்.

எங்கட நாட்டில விலைமதிப்பாளர் நிறுவகம் 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது. அரசாங்கத்துக்கு விலைமதிப்புத் திணைக்களம் இருக்கு, அதுக்குப் பிரதம விலைமதிப்பாளர் இருக்கிறார். நீயும் அந்த ஏணியில ஏறத்தான் கொப்பி தூக்கிறாய். ஏறு. ஆனால் அதுக்கு முதல் என்ர அனுபவத்தையும் ஒருக்கா எண்ணிப் பார்.

2006 ஏப்ரல் கடைசியில சண்டையில குண்டு விழ, சாரத்தோட இறங்கின சனம் நாங்கள். அடுத்த வருசம் மே மாதம் வர்த்தமானியில எங்கட பக்கம் அதிஉயர் பாதுகாப்பு வலயம். 2012இல அதே மண்ணில 818 ஏக்கர் முதலீட்டு வலயம் எண்டானது. 2015 மே மாதம் அதை நீக்கி, அந்த ஆவணியிலதான் சனம் திரும்ப வந்து காலை வைச்சது. அடுத்த வருசம் கடற்படை முகாம் இருந்த காணியிலயும் ஆக்கள் ஏறினவை. கிளிவெட்டியிலயும் கட்டைபறிச்சானிலயும் மணற்சேனையிலயும் தகரக் கொட்டிலுக்குள்ள கிடந்த காலத்தை ஒன்பது வருசம் எண்டே வை. லீப் வருசத்தை விட்டுப்போட்டு எண்ணினாலும் 78,840 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் நான் என்ன செய்தன் எண்டு நினைக்கிறாய்? என்ர காணியை மதிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். எந்தப் பனை பாளை தள்ளியிருக்கும், எந்த வேலி சரிஞ்சிருக்கும், வடக்கு மூலை மாமரத்தை ஆர் தறிச்சிருப்பான் எண்டு. அமெரிக்கன் கேட்கிற 3,000ஐ 26 தரம் முடிச்சும் மிச்சம் இருக்கு. கொப்பியில ஏறுமோ? ஏறாது. மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை. மேற்பார்வை செய்தவங்கள் இருந்தவங்கள்தான், துவக்கோட காவலரணில நிண்டவங்கள். அவங்களிட்டப் போய் ஒப்பம் கேட்க எனக்கு விசர் இல்லை.

சிரியாத, விசயத்துக்கு வாறன். சந்தை விலை எண்டால் என்ன எண்டு நீ எனக்குப் பாடமாக்கிச் சொன்னாய். விற்க விரும்புறவன் ஒருத்தன், வாங்க விரும்புறவன் ஒருத்தன், ரெண்டு பேருக்கும் விசயம் தெரியும், ஒருத்தருக்கும் அந்தரம் இல்லை, ஒருத்தரும் நெருக்கேல்லை, அப்ப கைமாறுற விலை. உலகம் முழுக்க இதைத்தான் படிப்பிக்கினம். எங்கட 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டமும், தானே இழுத்துப் பறிக்கிற காணிக்கு, விற்க விரும்புறவன் திறந்த சந்தையில வித்தால் என்ன வருமோ அதைத்தான் நட்டஈடு எண்டு சொல்லுது. கேட்க நல்லாத்தான் இருக்கு, தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுற மாதிரி: குடியில்லை, கடனில்லை, கோபமே வராது. ஆளைத்தான் ஒருத்தரும் கண்டதில்லை.

சம்பூரில விற்க விரும்பினவனைக் காட்டு பார்ப்பம். இஞ்ச காணி வித்தவன் மகளுக்குக் கலியாணம் எண்டு வித்தான், ஆஸ்பத்திரிக்கு எண்டு வித்தான், கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் கட்ட வித்தான். இப்ப நுண்கடன் காசு கட்டேலாமல் விற்கினம். அந்தரம் இல்லாமல் வித்தவன் கனடாவில இருக்கிறான், அவனுக்குக் காணியின்ர எல்லையும் தெரியாது. நீயோ, அயலில வித்த காணி மூண்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து விலை போட வேணும் எண்டு படிச்சிருக்கிறாய். 2006க்கும் 2015க்கும் இடையில ஆளே இல்லாத ஊரில ஆர் ஆருக்கு வித்தது? உடும்பு முயலுக்கு எழுதிக் குடுத்த உறுதி இருந்தால் கொண்டு வா.

இதுக்குள்ள நிலக்கரிக் கதை. 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகுது எண்டவுடன, கரித்தூள் பிடிக்கும், விலை விழும் எண்டான் ஒருத்தன். வேலை வரும், கடை வரும், விலை ஏறும் எண்டான் மற்றவன். 2016இல அதைக் கைவிட்டாங்கள், ரெண்டு பேரும் வாயை மூடினாங்கள். பிறகு சூரிய மின்சாரம். 2025 ஏப்ரலில இந்தியப் பிரதமரும் எங்கட சனாதிபதியும் கொழும்பில இருந்தே திரையில தொடக்கி வைச்சவை. திரும்பவும் அந்த ரெண்டு பேரும் வாயைத் திறந்திட்டாங்கள். ஒரே மண், ஒரே உப்புக்காத்து. விலை மட்டும் ஆற்றையோ மேசையில கிடந்து ஆடுது.

உனக்கு மூத்தவர் பிடிக்கிற விசயத்தில ஒண்டு சொல்லுறன். எங்கட வளவை மதிக்கவும் ஒருத்தர் வந்தவர். ஊர் பேர் வேண்டாம். 20 வருச அனுபவம் எண்டு அவரே சொன்னவர். ஆவணி வெய்யில், பத்தைக் காடு, அவர் சப்பாத்துக் காலை மண்ணில வைக்க ஏலாமல் ஒரு மேட்டில போய்க் குந்தினார். குந்தி இருந்து எழுதினார்: "கிணறு: இல்லை." அவர் குந்தி இருந்தது கிணத்துக் கட்டில. தூர்ந்துபோய், எருக்கலை முளைச்சுக் கிடந்த என்ர அப்புவின்ர கிணறு. நான் ஒண்டும் சொல்லேல்லை, எழும்பேக்க, வேட்டியில சுண்ணாம்பு ஒட்டியிருக்கு எண்டு மட்டும் சொன்னன். களிசான் போட்டிருந்த மனிசன், எண்டாலும் தட்டிப் பார்த்தார். கீழ்ப்பக்கத்தை "மேட்டு நிலம்" எண்டும் எழுதினார். மார்கழியில வந்திருந்தால் தோணி கேட்டிருப்பார். அந்த 20 வருசமும் அவருக்கு ஒரு வருசம்தானடா, அதையே 20 தரம் செய்திருக்கிறார்.

ஆனபடியால் நீ பை தூக்கிற ஆளின்ர சப்பாத்தைப் பார். சேறு இருந்தால் பின்னால போ. பளபளப்பா இருந்தால், தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடு. கந்தோரில இருந்து பழைய அறிக்கையைத் திகதி மாத்தி எழுதச் சொல்லி, அதுக்கும் எட்டு மணித்தியாலம் எண்டு கையெழுத்து வைச்சுத் தாறவை இருக்கினம். அது கள்ள ஒப்பம் இல்லை, ஒப்பம் நல்லது, மணித்தியாலம்தான் கள்ளம். வங்கிக்கு மதிக்கப் போனால், கடன் கேட்டவன் இளநி வெட்டித் தருவான். குடி. குடிச்ச இளநிக்கு ரெண்டு லட்சம் கூட்டிப் போடாத.

பிறகு ஒரு விசயம், பல்கலைக்கழகத்தில சொல்லித் தந்திருக்க மாட்டினம். எல்லையை வரைபடத்தில பார்த்தாப் பிறகு அயல்வீட்டுக் கிழவியிட்டயும் கேள். வரைபடம் பேர்ச்சஸைச் சொல்லும். எந்த வருசம் எந்தப் பக்கம் வேலி எத்தனை முழம் நடந்து போனது எண்டு கிழவிதான் சொல்லுவாள். உறுதியோ, பெர்மிட்டோ, வெறும் ஆட்சியோ எண்டு கேட்டறி. இஞ்ச பேப்பர் எரிஞ்ச வீடுகள் கனக்க. பேப்பர் இல்லாதவன் எல்லாரும் கள்ளன் இல்லை, மூண்டு பேப்பர் வைச்சிருக்கிறவன் எல்லாரும் சொந்தக்காரனும் இல்லை. தண்ணியைக் குடிச்சுப் பார். கொட்டியாரக் குடாப் பக்கம் ரெண்டு வளவு தள்ளினால் நன்னீர் உவராகும், ஒரு டேப்பும் அதை அளக்காது. என்ர கலியாணத்துக்கு முதல் உன்ர பெத்தாச்சியின்ர தேப்பன் என்ர வளவு பார்க்க வந்து, வீட்டை நிமிர்ந்தும் பார்க்கேல்லை. நேரா கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி இழுத்து, ரெண்டு மிடறு குடிச்சு, வாயைத் துடைச்சுப்போட்டு, "சரி" எண்டார். அந்த மனிசனிட்ட ஒரு உரிமமும் இல்லை.

இப்ப எழும்பு. பின்வளவுக்குப் போ. அவர் இல்லை எண்டு எழுதின கிணத்தை உன்ர மாமன் போன வருசம் தோண்டி இறைச்சுவிட்டவன். கொப்பியை அந்தக் கட்டில வைச்சு முதல் பக்கத்தில எழுது: இடம் சம்பூர், வேலை தண்ணி பார்த்தது, நேரம் அரை மணித்தியாலம். கீழ நான் கையெழுத்துப் போடுறன். கொழும்பில அது செல்லாது எண்டு எனக்கும் தெரியும். வாளிக் கயிறு பழசு, மெள்ள இழு.