மாணவர் முகமூடிகளில் நகையின்மைச் சிக்கல்: ஓர் ஆய்வு

பள்ளி ஓவிய வகுப்பில் பிளாஸ்டர் முகமூடி செய்வது குறித்துத் தமிழில் இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் வரவில்லை. (வந்திருந்தாலும் இப்படித்தான் தொடங்க வேண்டும்.) பூச்சியல், புருவவியல், மூக்கியல், நகையியல், பெயர்ப்பியல் என இவ்வாய்வு ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஏன் ஐந்து என்பது நெறியாளருக்கே வெளிச்சம்.

முதலாவது, பூச்சியல். ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய், கல் மாவாகும். அந்த மாவில் தண்ணீர் பட்டால் இழந்த நீரை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சூடேறி, மறுபடி கல்லாகிவிடும். இதே மாவு தடவிய துணியைக் கால் முறிந்தவனுக்குச் சுற்றினால் மாவுக்கட்டு. கால் முறியாதவனின் முகத்தில் ஒட்டினால் கலை. 1852இல் இந்தக் கட்டைப் பற்றி எழுதிய டச்சு ராணுவ மருத்துவர் மாத்தைசன் இரண்டாம் பயனைக் குறிப்பிடவில்லை. ஆகவே அவர் நம் ஆய்வெல்லைக்குள் வரமாட்டார்.

புருவவியல்: வாசலினைப் புருவத்தில் தாராளமாக அப்பாதவனின் புருவம் முகமூடியோடு போய்விடும்.

மூக்கியலில் இரு கட்சிகள். மூக்கில் ஸ்ட்ரா செருகிவிட்டுப் பூச வேண்டும் என்போர் குழலார். துளைகளைச் சுற்றி இடம் விட்டுப் பூசினால் போதும் என்போர் திறவார். ஸ்ட்ரா உறுத்தும், உறுத்தினால் தும்மல் வரும், தும்மினால் மூன்று அடுக்குத் துணியும் எதிரே நிற்பவன் சட்டையில். எனவே திறவாரே வென்றனர் (காண்க: கடைபெஞ்சு உரை, சன்னலோரப் பாடம்). 1860இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தை வார்ப்பெடுத்த சிற்பி வோல்க்கும் மூக்கைத் திறந்தே விட்டிருந்தார். மூக்கு தப்பியது. பெயர்த்தபோது நெற்றிப்பொட்டு முடி சில பிடுங்கிக்கொண்டு வர, லிங்கனின் கண் கலங்கியது. வாசலின் பற்றிய நம் கருதுகோளுக்கு அமெரிக்க அதிபர் தரத்தில் ஒரு சான்று.

இனி நகையியல். ஆய்வின் உயிர்நிலை இதுவே.

ஒருவன் பெஞ்சில் மல்லாந்து கிடக்கிறான். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் ஈரத்துணி. இறுகப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அதுவரை முகம் அசையக் கூடாது. அருகில் நிற்பவன் குனிந்து, “டேய், உள்ள இருக்கியாடா?” என்கிறான். அவ்வளவுதான். கன்னத்துத் துணி மெல்ல மேலேறுகிறது. வாயோரத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. காதுப்பக்கமாக வெள்ளைத் தண்ணீர் வழிகிறது. “சார், இவன் ஆடுறான் சார்!”

இந்நகை மூவகைப்படும்: இதழ்நகை, மூக்குநகை, வயிற்றுநகை. முதல் இரண்டும் முகமூடியைக் கெடுக்கும். வயிற்றுநகை கெடுக்காது என்பது கடைபெஞ்சு உரை (இரண்டாம் பதிப்பு, மழை நாள், தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தபோது இயற்றியது). அதுவும் கெடுக்கும் என்பது முன்பெஞ்சு மறுப்புரை (நோட்டின் கடைசிப் பக்கம், வடை எண்ணெய் படிந்து நான்கு வரி சிதைந்துள்ளது, சிதைந்த வரிகளிலேயே ஆதாரம் இருந்ததாக உரைகாரர் சத்தியம் செய்கிறார்).

விளைவு என்ன? அசையாத முகம் மட்டுமே அச்சில் நிற்கும். வகுப்பிலேயே பெரிய வாலுப் பையனும் முகமூடியில் ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி இறுகிப்போயிருப்பான்.

இங்கே பீத்தோவனை அழைக்காமல் முடியாது. 1812இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளைன் என்ற சிற்பி அவர் உயிரோடிருக்கும்போதே முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்செடுத்தார். கடுகடுத்த அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிற்பாடு எத்தனையோ மார்பளவுச் சிலைகள் வந்தன. அந்தச் சுளிப்பில் மேதையின் வேதனையைக் கண்டார்கள், விதியோடு போராடும் ஆன்மாவைக் கண்டார்கள். நமது ஏழாம் வகுப்பில் அதே சுளிப்பு வாரந்தோறும் விளைகிறது. அந்தப் பையன்களின் வேதனை, கன்னத்தில் சூடேறுவதும் மூக்கு நுனி அரிப்பதும்தான். பிளாஸ்டர் செய்த சுருக்கத்தை ஆள் செய்த சுருக்கமாக வாசிப்பது நம் அறிஞர்களுக்கும் கைவந்த கலை. ஏட்டில் பூச்சி அரித்த ஓட்டைக்கு உள்ளுறை எழுதிப் பேராசிரியர் ஆகலாம்.

இக்கருத்தை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தேன். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வணக்கம் சொன்னதால் அது பன்னாடு ஆயிற்று. ஆய்வுக்கோவைக்குப் பணம் கட்டியாயிற்று. மறுப்பு எதுவும் எழவில்லை, சாப்பாட்டு நேரம்.

பெயர்ப்பியலில் சொல்ல அதிகமில்லை. இதுவரை தடைசெய்த கோணங்கித்தனம் இப்போது கட்டாயம்: முகத்தை எப்படியெல்லாம் சுளிக்க முடியுமோ அப்படியெல்லாம் சுளித்தால் முகமூடி தானே கழன்று வரும்.

பிற்சேர்க்கை ஒன்று; இது விளையாட்டில்லை. கரைத்த மாவு வாளியில் கையை முழுக்க விட்டு அச்செடுக்கவே கூடாது. மொத்தமாக இறுகும் பிளாஸ்டர் தோலை வேகவைக்குமளவு சூடாகும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி அப்படிச் செய்து, பெரும்பாலான விரல்களை இழந்தார். மெல்லிய துணி அடுக்கோடு நிறுத்துங்கள். மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளும் அது கல்லாகும்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூச, இறுக, பெயர்க்க ஒரு பாடவேளை முழுசாக வேண்டும். “போர்ஷன் முடியலை, டிராயிங் பீரியடைக் குடுங்க” என்று அன்றைக்கு மட்டும் வராதீர்கள். பாதி வகுப்பால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது.